நிழலில் வளரும் பெரணி: விருத்தியும் பராமரிப்பும்

நீலகிரி, கொடைக்கானல், சேர்வராயன் மலைகளில் ஓடைக் கரைகளிலும் சோலைகளினடியிலும் பெரணிச் செடிகள் இயற்கையாக வளர்வதைப் பலர் கண்டிருப்பர். விலைக்காக இவற்றை வேரோடு பெயர்த்துச் சமவெளிக்குக் கொணர்வோரும் உண்டு. அங்ஙனம் கொணர்ந்த செடிகள் பல ஒரு கோடையைக்கூடத் தாங்காமல் மடிகின்றன. காட்டிற்கும் நஷ்டம், வாங்கினவர்க்கும் நஷ்டம். காப்புக் காட்டில் அனுமதியின்றிச் செடி பறிப்பது சட்டப்படி குற்றமுமாகும். ஆகவே, தோட்டத்திலேயே விருத்தி செய்து கொள்வதே உத்தமம்.

இடமும் மண்ணும்: நேர்வெயில் படாத, ஆனால் வெளிச்சமுள்ள இடம் வேண்டும். கிணற்றடி, தென்னந்தோப்பு, கீற்றுப் பந்தல் ஆகியவை ஏற்றவை. உஷ்ணக் காற்று வீசும் பக்கத்தில் தட்டி கட்டுதல் நலம். தொட்டியின் அடியில் ஓட்டுச்சில்லைப் பரப்பி, நன்கு மக்கிய இலையெரு இரண்டு பங்கு, தோட்டமண் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு கலந்து நிரப்புக. பச்சைச் சாணம் இடலாகாது.

நீர்: மண் எப்பொழுதும் ஈரமாயிருக்க வேண்டும், நீர் தேங்கலாகாது. உப்பு நீர் ஆகாது, மழைநீர் சிறந்தது. கரிய, மெல்லிய காம்புடைய மெய்டன்ஹேர் பெரணி ஒருமுறை வாடினால் அவ்விலைகள் மீண்டும் தழைப்பதில்லை. அப்பொழுது செடியை எறிந்துவிடாமல், இலைகளை அடியோடு நறுக்கி வேரை ஈரமாக வைத்தால் புதுத் தளிர் தோன்றும்.

விருத்தி: பெரணிக்குப் பூவுமில்லை, விதையுமில்லை. இலையின் அடியிலுள்ள புள்ளிகளில் வித்துத்தூள் உண்டாகிறது. மெய்டன்ஹேரில் இது மடிந்த இலை ஓரத்தினடியில் காணப்படும். புள்ளிகள் பழுப்பானதும் இலையை நறுக்கிக் காகிதத்தில் இரண்டு, மூன்று நாள் மடித்து வைத்தால் தூள் உதிரும். கொதிநீர் ஊற்றி ஆறவிட்ட மண்ணின் மேல் அதைத் தூவி, கண்ணாடியால் மூடுக. தொட்டியை நீர்த் தட்டில் நிறுத்தி, அடியிலிருந்தே ஈரம் ஏறச் செய்க. சில வாரங்களில் பச்சைப் படலமும், பின்னர் இருதய வடிவான சிறு தகடுகளும் தோன்றும். இத்தகடுகளில் ஆண், பெண் உறுப்புகள் உண்டாகி, நீர்ப்படலத்தின் வழியே கருவுற்ற பின்னரே பெரணி முளைக்கிறது. இவ்விரு தலைமுறை முறையை 1851-ம் ஆண்டில் ஜெர்மானிய சாஸ்திரியான ஹாப்மெயிஸ்டர் விளக்கினார். ஆதலால் தகடுகள் தோன்றியபின், கொதித்து ஆறிய நீரை மெல்லத் தெளித்தல் அவசியம். இவ்வளவு பொறுமையில்லாதவர் பருத்த தூரைப் பிரித்து நடலாம்.

எச்சரிக்கை: வித்துப் புள்ளிகளைப் பூச்சியென்று எண்ணி மருந்து தெளிப்போர் உண்டு. புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் இருப்பின் அவை வித்தே. காம்பிலும் நரம்பிலும் ஒழுங்கின்றி ஒட்டியிருந்து, நகத்தால் நெருடினால் பெயர்வனவே செதில் பூச்சிகள். அவற்றை ஈரத்துணியால் துடைத்து அகற்றுக. மிகவும் தாக்கிய இலைகளை நறுக்கி எரித்து விடுக.

பிறவற்றிற்குப் பயன்படாத நிழலிடம் உடைய குடியானவர்கள் முதலில் நாலைந்து தொட்டிகளில் இதனைச் செய்து பார்த்து, பின்னர் பெருக்கிக் கொள்வாராக.