பழைய வண்டியில் மின்கோளாறு தேடுவது எப்படி?
(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு, அறிவியல் மன்றம்)



ஓமின் விதியை எழுதச் சொன்னால் நம் வகுப்பில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவோம். ஆனால் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் விளக்கு எரியாவிட்டால் அந்த விதி நம் நினைவுக்கு வருவதே இல்லை. பல்பை மாற்றிப் பார்க்கிறார்கள், எரியவில்லை. ஸ்விட்சை மாற்றுகிறார்கள், அப்போதும் எரியவில்லை. கடைசியில் "ஒயரிங் முழுவதும் போய்விட்டது" என்ற தீர்ப்புக் கிடைக்கிறது. இப்படி ஊகித்து ஊகித்துச் சாமான் மாற்றாமல், மின்சாரம் போகும் வழியிலேயே நாமும் போய்க் கோளாறைப் பிடிக்கலாம் என்பதை இவ்வாண்டு எங்கள் அறிவியல் மன்றத்தில் கற்றுக்கொண்டோம். அதையே இங்கு எழுதுகிறோம்.

பழைய வண்டி என்று நாங்கள் சொல்வது கணினிப் பெட்டிகள் இல்லாத வண்டியை. 2014-ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன அம்பாஸடர் கார் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதன் மூதாதையான மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரில் ஃப்யூஸ்கள் இரண்டே இரண்டுதான். ஒயர்களின் நிறத்திற்கும் அந்தக் கால ஆங்கிலேய வண்டிகளில் ஓர் ஒழுங்கு உண்டு. பாட்டரியிலிருந்து வருவது பழுப்பு, முகப்பு விளக்குக்கு நீலம், பின்விளக்குக்குச் சிவப்பு, எர்த்துக்குக் கறுப்பு. இத்தகைய வண்டியில் ஒவ்வொரு ஒயரையும் விரலால் தொட்டுக்கொண்டே போய் அது எங்கே முடிகிறது என்று பார்த்துவிடலாம். மாணவியருக்கு இதைவிடச் சிறந்த பாடப்புத்தகம் கிடையாது.

நம் ஊர்த் திருவிழாவில் தேர்பவனி கோவில் வாசலில் புறப்பட்டு, தெருக்களைச் சுற்றி, மறுபடி அதே வாசலுக்கு வந்து சேர்கிறது அல்லவா? மின்னோட்டமும் அப்படித்தான். பாட்டரியின் பாசிட்டிவ் முனையில் புறப்பட்டு, ஃப்யூஸ், ஸ்விட்ச், பல்பு ஆகியவற்றைக் கடந்து, நெகட்டிவ் முனைக்குத் திரும்பி வந்தால்தான் அது ஓட்டம். வீட்டில் போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என்று இரண்டு ஒயர்கள் உண்டு. வண்டியிலோ பெரும்பாலும் போவதற்கு மட்டுமே ஒயர். திரும்பும் வழி வண்டியின் இரும்பு உடம்புதான். இதற்குத்தான் 'எர்த்' என்று பெயர். (மண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வண்டி ரப்பர் டயரின் மேல் அல்லவா நிற்கிறது!)

போகும் வழியை எல்லாரும் சோதிக்கிறார்கள். திரும்பும் வழியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எங்கள் கட்டுரையின் விஷயமே இதுதான்.

எங்கள் மன்றத்துத் தோழி ஒருத்தியின் தந்தை தொட்டியம் பக்கத்திலிருந்து திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றிச் செல்கிறார். பழைய வேன். விடிவதற்கு முன்பே, இருட்டில் புறப்பட வேண்டும். அந்த வேனின் வலப்பக்கப் பின்விளக்கு ஒரு விசித்திரம் செய்தது. இரவில் விளக்கைப் போட்டால் சிவப்பாக நன்றாகவே எரியும். பிரேக்கை மிதித்தால் இன்னும் பளிச்சென்று எரிவதற்குப் பதில் அடியோடு அணைந்துவிடும்! காலை எடுத்தால் மறுபடி எரியும். இடப்பக்க விளக்கில் ஒரு குறையும் இல்லை. பின்னால் லாரியில் வருகிறவர் இதைக் கண்டு என்ன நினைப்பார்? முன்னால் போவது வேன் என்பதே தெரியாமல், ஒற்றை விளக்கைப் பார்த்து மோட்டார் சைக்கிள் என்று எண்ணி வலப்பக்கம் ஒதுங்கி வந்தால் என்ன ஆகும்? தோழியின் தாயார் இதை நினைத்து, வேன் திரும்பும் வரை தூங்குவதில்லையாம். ஒரு கடையில் பல்பை மாற்றினார்கள். இன்னொரு கடையில் பிரேக் ஸ்விட்சை மாற்றினார்கள். பயன் இல்லை.

இயற்பியல் கற்பிக்கும் சிஸ்டர் இதைக் கேட்டதும், "முதலில் படம் போடுங்கள், பிறகு வண்டியைத் தொடலாம்" என்றார்கள். கரும்பலகையில் படம் போட்டோம். அந்தப் பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு. பின்விளக்குக்கு 5 வாட் இழை, பிரேக்குக்கு 21 வாட் இழை. இரண்டுக்கும் தனித்தனியே மின்சாரம் வருகிறது. ஆனால் திரும்பும் வழி இரண்டுக்கும் ஒன்றே. பல்பின் பித்தளை உடம்பு, அதைப் பிடித்திருக்கும் ஹோல்டர், அங்கிருந்து வண்டியின் உடம்பு.

இப்போது ஹோல்டருக்கும் வண்டியின் உடம்புக்கும் தொடர்பு அற்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 5 வாட் இழை வழியாக வந்த மின்னோட்டத்திற்குத் திரும்ப வழியில்லை. எனவே அது குறுக்கு வழி தேடுகிறது. அதே பல்பின் 21 வாட் இழைக்குள் தலைகீழாகப் புகுந்து, பிரேக் ஒயர் வழியே இடப்பக்க விளக்குக்குப் போய், அங்குள்ள 21 வாட் இழையைக் கடந்து, அந்தப் பக்கத்து நல்ல எர்த்தில் இறங்கிவிடுகிறது. 21 வாட் இழைகளின் தடை குறைவு. ஆகவே 5 வாட் இழை ஏறக்குறைய வழக்கம்போல் எரிகிறது. குறையே தெரியாது. இனி பிரேக்கை மிதித்தால்? பிரேக் ஒயரிலும் 12 வோல்ட் வந்துவிடுகிறது. வலப்பக்கப் பல்பின் இந்த முனையிலும் 12, அந்த முனையிலும் 12. இரண்டு தொட்டிகளில் நீர்மட்டம் சமமாக இருந்தால் நடுவிலுள்ள குழாயில் நீர் ஓடுமா? ஓடாது. ஆகவே விளக்கு அணைகிறது. படம் முடிந்ததும் எங்கள் நால்வருக்கும் ஒரே நேரத்தில் புரிந்து, கைதட்டிவிட்டோம்!

சனிக்கிழமை வேனைப் பள்ளி வளாகத்திற்கே கொண்டுவந்தார்கள். மல்டிமீட்டரை 20 வோல்ட் அளவில் வைத்தோம். விளக்கைப் போட்டு, ஒருத்தி ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டாள். பாட்டரியில் 12.4 வோல்ட். வலப்பக்க ஹோல்டரின் நடு ஊசிகளுக்கும் வண்டியின் உடம்புக்கும் இடையே 12.2. போகும் வழி சரி. அடுத்து, ஹோல்டரின் உடம்புக்கும் வண்டியின் உடம்புக்கும் இடையே அளந்தோம். இரண்டும் எர்த் ஆகையால் பூஜ்யம் காட்ட வேண்டிய இடம் அது. 12.2 காட்டியது. ஒரு துண்டு ஒயரின் ஒரு முனையை ஹோல்டரிலும் மறுமுனையை வண்டியின் சுரண்டிய இரும்பிலும் வைத்ததும் பிரேக் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

காரணம் என்ன தெரியுமா? பெயிண்ட்! எஃப்.சி.க்குக் காட்டுவதற்காக வேனுக்குப் புதிதாக நீல வண்ணம் அடித்திருந்தார்கள். விளக்கைக் கழற்றிய இடத்திலும் வண்ணம் ஏறிவிட்டது. அதன் மேலேயே எர்த் ஒயரின் வளையத்தை வைத்து, துருப்பிடித்த பழைய திருகாணியை முடுக்கிவிட்டார்கள். வண்ணமும் துருவும் மின்சாரத்தைக் கடத்துமா? உப்புத்தாளால் தேய்த்து இரும்பு பளபளக்கச் செய்து, புதுத் திருகாணி போட்டு, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினோம். மறுபடி அளந்தபோது 0.1 வோல்ட்தான். செலவு ஒரு திருகாணியும் அரைத் தாள் உப்புத்தாளும். தோழியின் தந்தை எங்களுக்கு ஒரு சீப்புப் பூவன்பழம் கொடுத்தார்கள்.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. அளக்கும்போது விளக்கு போட்டிருக்க வேண்டும். விளக்கைக் கழற்றிவிட்டு ஒயரை மட்டும் அளந்தால் மீட்டர் நம்மை ஏமாற்றும். ஏன் என்பதற்கு விடை ஓமின் விதியிலேயே இருக்கிறது. கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் சைமன் ஓம் இவ்விதியை 1827-இல் நூலாக வெளியிட்டார். மின்னழுத்தம் என்பது மின்னோட்டத்தையும் தடையையும் பெருக்கிய தொகை. மின்னோட்டமே இல்லாவிட்டால் துரு எவ்வளவு இருந்தாலும் அதில் இழப்பும் இல்லை. ஒரே ஓர் இழை மிஞ்சியிருக்கும் ஒயரில்கூட மீட்டர் முழு 12 வோல்ட் காட்டும். சுமை ஏறினால்தான் குட்டு வெளிப்படும்.

60 வாட் முகப்பு விளக்கை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் அது 5 ஆம்பியர் எடுக்கும். அதன் தடை 2.4 ஓம். எர்த்தில் ஒரே ஒரு ஓம் துரு சேர்ந்தால் மொத்தம் 3.4 ஓம். மின்னோட்டம் 3.5 ஆம்பியராகக் குறையும். விளக்குக்குக் கிடைப்பது ஏறத்தாழ 8.5 வோல்ட், அதாவது 30 வாட். சூடு குறைந்தால் இழையின் தடையும் குறையும் என்பதால் இது தோராயக் கணக்கே. ஆனால் வெளிச்சம் பாதியைவிடவும் மிகக் குறைந்துவிடும். "பல்பு பழசாகிவிட்டது" என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம்.

செல்ஃப் மோட்டார் விஷயத்தில் இது இன்னும் கடுமை. அது நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியர் இழுப்பதால், 0.01 ஓம் தடையே ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிடும். எஞ்சின் ரப்பர்க் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருப்பதால் அதையும் வண்டியின் உடம்பையும் இணைக்க ஒரு பின்னல் பட்டை இருக்கும். அது அறுந்துபோனால் மின்னோட்டம் ஆக்ஸிலரேட்டர் கம்பி வழியாகத் திரும்பப் பார்க்கும். கம்பி சுட்டுப் புகையும்! செல்ஃப் சுற்றவில்லை என்று மோட்டாரைக் கழற்றும் முன் இந்தப் பட்டையைப் பாருங்கள்.

வேலை தொடங்கும் முன் வளையல், மோதிரம், கடிகாரம் எல்லாம் கழற்றிவிட வேண்டும். பாட்டரியின் பாசிட்டிவ் முனையையும் இரும்பையும் ஒரு வளையல் சேர்த்துத் தொட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். 12 வோல்ட் உயிரை வாங்காது என்று அலட்சியம் கூடாது. தீக்காயம் வாங்கித் தரும். பாட்டரியைக் கழற்றும்போது உடம்போடு சேர்ந்த முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில். அதன் பிறகு ஸ்பானர் எங்கே பட்டாலும் பொறி பறக்காது. பழைய ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் உடம்போடு சேர்ந்திருக்கும். ஆகவே பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

ஃப்யூஸைப் பற்றி இரண்டே வார்த்தை. அடிக்கடி போகிறது என்று சிலர் சிகரெட் தாளையோ தடித்த செம்புக் கம்பியையோ சுற்றிவிடுகிறார்கள். அப்புறம் ஃப்யூஸுக்குப் பதிலாக ஒயர்க்கட்டு எரியும். ஃப்யூஸ் போன சுற்றில் எங்கோ ஓர் ஒயர் தோல் உரிந்து இரும்பில் படுகிறது. கதவுக் கீல், தகரத் துளையின் ஓரம் போன்ற உரசும் இடங்களில் தேடினால் அகப்படும்.

இன்னொரு கோளாறு, இரவில் நிறுத்திய வண்டியில் காலையில் பாட்டரி இறங்கிப்போவது. நிரம்பிய பாட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே போனால் அநேகமாகக் காலி. வண்டி ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ட் காட்டினால் சார்ஜ் சரியாக ஏறுகிறது என்று பொருள். அப்படி இருந்தும் இறங்கினால் எங்கோ கசிவு. எல்லா ஸ்விட்சுகளையும் அணைத்து, கதவுகளை மூடி, எர்த் முனையைக் கழற்றுங்கள். அந்த முனைக்கும் கழற்றிய ஒயருக்கும் நடுவே 12 வோல்ட் பல்பு ஒன்றை மாட்டுங்கள். எரியாவிட்டால் பெருங்கசிவு ஒன்றும் இல்லை. எரிந்தால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் பல்பு அணைகிறதோ அந்தச் சுற்றில்தான் திருடன். எதைப் பிடுங்கியும் அணையாவிட்டால், ஃப்யூஸ் இல்லாத வழியில் தேட வேண்டும். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியானால் முதலில் அதன் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். அதனுள் இருக்கும் டயோடு பழுதானால், பகலில் ஏற்றிய மின்சாரத்தை இரவில் அதுவே குடித்துவிடும்.