ஆபத்தில் பிறக்கும் ஒற்றுமை

வஜ்ஜியரின் ஏழு நெறிகளை நம் வாசகர் பலரும் அறிவர். அடிக்கடி கூடுதலும், ஒன்றாகக் கூடி ஒன்றாகக் கலைதலும் அவற்றுள் முதல் இரண்டு. அவற்றைக் காக்குமளவும் அக்குடியரசு வளருமேயன்றித் தாழாது என்று பகவான் கூறியதை மகாபரிநிப்பாண சூத்திரம் சொல்லுகிறது. பின்னர் நிகழ்ந்ததை அதன் பழைய உரை விவரிக்கும். அஜாதசத்துருவின் மந்திரி வஸ்ஸகாரன் வைசாலியில் அடைக்கலம் புகுந்தான். லிச்சவி ஒருவனைத் தனியே அழைத்து, நீர் மிகவும் ஏழையாமே என்பான். யார் சொன்னது என்று கேட்டால், மற்றொரு லிச்சவியின் பெயரைச் சொல்லுவான். மூன்றே ஆண்டுகளில் இருவர் ஒரே வழியில் நடவாத நிலை வந்தது. மகதப் படை நெருங்கியபோது முரசு அறைந்தார்கள். செல்வரும் வீரரும் கூடட்டும் என்று சொல்லி ஏனையோர் வீட்டிலேயே இருந்துவிட்டனர்.

மந்திரியைப் பழிப்பது எளிது. ஆயினும் அச்சொல் உடனே தைத்ததென்றால், தைப்பதற்குரிய புண் அவ்வூரில் முன்பே இருந்திருக்க வேண்டும் என்பது நம் கருத்து. நம் நாட்டில் முரசு ஒலித்த காலங்களையும் இக்கண்கொண்டு நோக்குதல் நலம்.

1962ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் சீனப்படை எல்லையைக் கடந்து தாக்கியது. 26ஆம் நாள் நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. தேசியப் பாதுகாப்பு நிதிக்குப் பெண்கள் கை வளையல்களைக் கழற்றிக் கொடுத்தார்கள். விலைவாசிப் போராட்டத்தில் சிறை சென்று அப்போதுதான் விடுதலையான அண்ணாதுரை அவர்கள், திராவிட நாட்டுக் கோரிக்கையை ஒதுக்கி வைத்து நாட்டுப் பாதுகாப்புக்கு ஆதரவு திரட்டினார். நேற்றுவரை பிரிவினை பேசிய கட்சி இன்று நிதி திரட்டிற்று. மக்கள் உள்ளத்தில் அன்று எழுந்த உணர்ச்சி உண்மையானது; அதில் ஐயமில்லை.

ஆனால் நவம்பர் 21ஆம் நாள் சீனா போர் நிறுத்தம் அறிவித்துவிட்டது. போர் ஒரு மாதம். நெருக்கடி நிலையோ 1968 ஜனவரி 10 வரை நீடித்தது! ஆபத்து நீங்கிய பின்னும் ஆபத்தின் பெயரால் வந்த அதிகாரம் நீங்கவில்லை. இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த சீன வம்சத்தார் ஏறத்தாழ மூவாயிரம் பேர், குழந்தைகளும் முதியோரும் உட்பட, ராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கே கிடந்தனர். 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதி, 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்வதைத் தடுத்தது. வளையல் கொடுத்தவர்களைப் பாராட்டிய நாடு, வளையல் செய்து பிழைத்த பொற்கொல்லரை வேலையின்றி நிறுத்திற்று. 1963 அக்டோபரில் அரசியற் சட்டத்தின் பதினாறாவது திருத்தம், தேர்தலில் நிற்பவர் நாட்டின் இறைமையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி கூறவேண்டும் என விதித்தது. மனமுவந்து வந்த ஒற்றுமை ஓராண்டுக்குள் சட்டக் கட்டாயமாக மாறியது.

1965 ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழியாகும் என்ற நிலையில் தமிழகம் கொதித்தது. 1962இல் நிதி திரட்டியவர்களே இப்போது சிறை சென்றனர். அதே ஆண்டு செப்டம்பரில் பாகிஸ்தான் போர் மூண்டதும் மறுபடியும் ஒரே குரல். எட்டு மாதங்களுக்குள் ஒரே மக்கள் ஐயத்துக்குரியவராகவும் தேசபக்தராகவும் எண்ணப்பட்டனர் என்பதை மாணவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

நிற்க. நம் பம்பாய்க்கு வருவோம். மாட்டுங்காவில் அலுவலகக் குமாஸ்தாக்களும் தட்டெழுத்தர்களும். தாராவியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்டவர்கள். செம்பூரில் ஆலைத் தொழிலாளரும் அரசாங்க ஊழியரும். இவர்கள் எல்லாரும் 1965 செப்டம்பரில் இந்தியராகவே இருந்தனர். ஒன்பது மாதங்கள் சென்றன. 1966 ஜூன் 19ஆம் நாள் சிவசேனை தோன்றியது. அதற்கு முன்பே 'மார்மிக்' வார இதழ், கம்பெனி அதிகாரிகளின் தென்னாட்டுப் பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டு வந்தது. மராட்டிய இளைஞரின் வேலையின்மை பொய்யன்று. அதற்கு விடை தேடவேண்டிய இடம் அரசின் கொள்கையும் முதலாளியின் கணக்குப் புத்தகமும். வேட்டி கட்டியவனைக் காட்டுவது அதைவிட எளிதாயிற்று. உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன.

கிருஷ்ண மேனன் கதை இதற்கு நல்ல சான்று. மலையாளியான அவரை வடபம்பாய் வாக்காளர் 1957இலும் 1962இலும் மக்களவைக்கு அனுப்பினர். 1962 தொடக்கத்தில் எதிர்த்து நின்றவர் ஆசாரிய கிருபளானி. அப்படியிருந்தும் மேனன் பெரும் வித்தியாசத்தில் வென்றார். அவ்வாண்டு இறுதியில் போர்த் தோல்வியால் மந்திரிப் பதவி போயிற்று. 1967இல் காங்கிரஸ் அவருக்கு இடம் தரவில்லை, சுயேச்சையாக நின்றார். சிவசேனை அவரை வெளியாள் என்று எதிர்த்துப் பிரசாரம் செய்தது. பார்வேயிடம் தோற்றார், பார்வே காலமானதால் வந்த இடைத்தேர்தலில் அவர் சகோதரியிடமும் தோற்றார். மேனனுடைய அரசியலில் குறைகள் இருந்தன என்போம். பிறந்த ஊர் அவற்றுள் ஒன்றன்று. 1962க்கும் 1967க்கும் இடையில் அது மாறவுமில்லை.

1966இல் மாட்டுங்காக் குமாஸ்தாவும் தாராவித் தொழிலாளியும் 'மதராஸி' என்ற ஒரே பெயருக்கு ஆளாயினர். ஆனால் ஒரே பெயரால் ஏசப்பட்டவர்கள் ஒரே பந்தியில் அமர்ந்துவிடவில்லை. வெளியிலிருந்து வந்த தடி அனைவர்மேலும் விழுந்தது. உள்ளேயிருந்த சாதிக்கோடோ அழியவில்லை. 1949 நவம்பர் 25ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் பாபாசாகேப் எச்சரித்தது இதைத்தான். ஆயிரக்கணக்கான சாதிகளாகப் பிரிந்த மக்கள் தம்மை ஒரு தேசம் என நம்புவது மாயை என்றும், சாதிகள் தேசத்துக்கு விரோதமானவை என்றும் அவர் விளக்கினார். எதிரி வாயிலில் நிற்கும்போது மட்டும் சகோதரர் என்று அழைப்பதை அவர் சகோதரத்துவம் எனக் கொள்ளவில்லை.

கோடு நகர்ந்தது. 1980களில் சிவசேனையின் முழக்கம் மாறியது. மதராஸி என்ற சொல் பின்தள்ளப்பட்டு, இந்து என்ற சொல் முன்னே வந்தது. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நகரம் எரிந்தபோது தாராவியும் எரிந்தது. ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் கணக்கின்படி நகரில் மாண்டவர் 900 பேர். அவர்களுள் முஸ்லிம்கள் 575, இந்துக்கள் 275. கால் நூற்றாண்டுக்கு முன் வெளியாளாக நிறுத்தப்பட்ட தமிழருள் சிலர், இம்முறை உள்ளாளாக அழைக்கப்பட்டபோது மகிழ்ந்து போனார்கள். எழுத வருந்துகிறோம், ஆனால் எழுதாமல் விடுவதற்கில்லை. தன்னை உள்ளே சேர்த்துக்கொண்ட வட்டம் யாரை வெளியே தள்ளுகிறது என்று அவர்கள் கேட்டிருக்க வேண்டும்.

கலவரத்துக்குப் பின் நகரில் மொஹல்லா கமிட்டிகள் எழுந்தன. ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஜூலியோ ரிபெய்ரோ, அந்நாள் நகரப் போலீஸ் கமிஷனர் சதீஷ் சாஹ்னி, சுஷோபா பார்வே முதலியோர் இதில் முன்னின்றனர். தாராவியிலும் பல மதத்தாரும் மொழியினரும் போலீசாரும் ஒரே அறையில் அமர்ந்தார்கள். கணேச உற்சவ ஊர்வலம் எந்தத் தெருவழியே செல்லும், எந்த வதந்தி எங்கே கிளம்பிற்று, எந்த வீட்டாருக்குள் சச்சரவு என்பவையே பேச்சு. போலீசாரும் பேட்டை இளைஞரும் கிரிக்கெட் ஆடினார்கள். பத்திரிகைகளின் முதற்பக்கத்துக்கு ஏற்ற செய்திகள் இவற்றில் இல்லை. எதிரி எவரும் இல்லாத மாதங்களிலும் அவர்கள் கூடினார்கள்.