ஒரே வொர்க்கிங் காப்பி, இரண்டு பதிப்புகள்: சப்வெர்ஷன் கிளையன்ட்களைக் கையாள்வது

சப்வெர்ஷனில் சர்வரும் கிளையன்டும் ஒரே பதிப்பில் இருக்க வேண்டியதில்லை. 2004-இல் வந்த 1.0 தொடங்கி, எந்த 1.x கிளையன்டும் எந்த 1.x சர்வரோடும் பேசும் என்பது அந்த மென்பொருளை உருவாக்கியவர்கள் கொடுத்த வாக்கு. இரண்டில் பழையது எதுவோ, அதற்குத் தெரிந்த வசதிகள் மட்டும் கிடைக்கும். குழுவில் ஒருவர் 1.6 வைத்திருக்க, இன்னொருவர் 1.14 வைத்திருந்தாலும் இருவரும் ஒரே ரெப்பாசிட்டரியில் கமிட் செய்யலாம். பழைய ஓப்பன்எஸ்எஸ்எல்லோடு கட்டப்பட்ட கிளையன்ட், புதிய டிஎல்எஸ் மட்டுமே ஏற்கும் சர்வரிடம் நுழைய முடியாமல் நிற்பதுண்டு. அது பாதுகாப்பு அடுக்கில் வரும் தடை. சப்வெர்ஷனின் பதிப்பு வேறுபாட்டோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பதிப்புத் தகராறு என்றதும் பலர் முதலில் சர்வரைத்தான் சந்தேகிக்கிறார்கள். நடைமுறையில் தொல்லை தருவது அவரவர் கணினியில் இருக்கும் வொர்க்கிங் காப்பி. செக்அவுட் செய்த கோப்புகளோடு '.எஸ்விஎன்' என்ற மறைகோப்புறையும் வந்து உட்காருகிறது. எந்தக் கோப்பு எந்த ரிவிஷனில் இருக்கிறது, மாற்றப்படாத மூலப் பிரதி எது, எது சேர்க்கப்பட்டது, எது நீக்கப்பட்டது என்ற கணக்கு முழுவதும் அதற்குள்தான். இந்தக் கணக்கை எழுதும் வடிவம் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. சர்வருக்குக் கொடுத்த வாக்கு இந்த வடிவத்துக்குக் கிடையாது.

1.4, 1.5, 1.6 ஆகிய மூன்றும் வடிவத்தை மாற்றின. அதைவிட முக்கியம், மாற்றிய விதம். புதிய கிளையன்ட் பழைய வொர்க்கிங் காப்பியில் வேலை செய்யத் தொடங்கியதும், யாரையும் கேட்காமல் அதைத் தன் வடிவத்துக்கு மாற்றிவிடும். அதன்பின் பழைய கிளையன்டால் அதைத் திறக்க முடியாது. 'இந்தக் கிளையன்ட் மிகப் பழையது' என்ற செய்தியோடு நின்றுவிடும். காலையில் கட்டளை வரியில் ஓடிக்கொண்டிருந்த வேலை, நடுவில் ஒருமுறை வேறொரு கருவியில் அப்டேட் கொடுத்ததால் மாலையில் ஓடாமல் போகும். அந்தக் காலத்தில் இதற்கென்றே ஒரு பைத்தான் நிரலைச் சப்வெர்ஷன் திட்டம் தந்தது. 1.6 வடிவத்தை 1.5-க்கோ 1.4-க்கோ அது இறக்கிக் கொடுக்கும்.

2011 அக்டோபரில் வந்த 1.7 எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. அதுவரை ஒவ்வொரு துணைக் கோப்புறையிலும் ஒரு '.எஸ்விஎன்' இருந்தது. 1.7-இல் உச்சிக் கோப்புறையில் மட்டும் ஒன்றே ஒன்று; அதற்குள் எஸ்க்யூலைட் தரவுத்தளம் ஒன்று. இந்த முறை தானாக மாற்றும் பழக்கம் கைவிடப்பட்டது. பழைய காப்பியைப் புதிய கிளையன்டில் திறந்தால் 155036 என்ற பிழை எண் வரும். 'எஸ்விஎன் அப்கிரேட்' கட்டளையைப் பயனரே கொடுக்க வேண்டும். இது நல்ல முடிவு. திரும்பி வர முடியாத ஒரு காரியத்தை மனிதர் தெரிந்தே செய்ய வேண்டும். கருவி ஓசையில்லாமல் செய்துவிடக் கூடாது. 2013 ஜூனில் வந்த 1.8 வடிவத்தை மீண்டும் ஒருமுறை மாற்றியது, அதற்கும் அப்கிரேட் தேவைப்பட்டது. 2015-இன் 1.9 முதல் 2020-இன் 1.14 வரை வடிவம் மாறவில்லை. ஆகவே 1.8-க்கும் 1.14-க்கும் இடையில் உள்ள எந்தக் கிளையன்டும் ஒரே வொர்க்கிங் காப்பியை அச்சமின்றிப் பகிரலாம். இன்றைக்கும் 1.6, 1.7 ஓடும் பழைய இயந்திரம் ஒன்று மூலையில் இருக்கும் அலுவலகத்துக்குத்தான் கவலை.

ஒரு காப்பியை எத்தனை நிரல்கள் தொடுகின்றன என்று கேட்டால் பெரும்பாலோர் ஒன்று என்பார்கள். எண்ணிப் பார்த்தால் மூன்று, நான்கு தேறும். விண்டோஸில் டார்டாய்ஸ்எஸ்விஎன், அதற்குள் சப்வெர்ஷன் நூலகம் இருக்கிறது, அதன் 1.7 சப்வெர்ஷன் 1.7-ஐக் கொண்டது. கட்டளை வரியில் தனியாக நிறுவிய இன்னொரு 'எஸ்விஎன்'. எக்லிப்ஸில் சப்கிளிப்ஸ் அல்லது சப்வெர்சிவ். இவை ஜாவாஹெச்எல் வழியாகவோ, முழுதும் ஜாவாவில் எழுதப்பட்ட எஸ்விஎன்கிட் வழியாகவோ வேலை செய்யும். எஸ்விஎன்கிட்டுக்கு என்று தனிப் பதிப்பு எண் உண்டு. எந்த வடிவத்தில் எழுதுவது என்பது அதன் அமைப்பைப் பொறுத்தது. ஜென்கின்ஸும் தன் சப்வெர்ஷன் செருகுநிரலில் வொர்க்ஸ்பேஸ் பதிப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. அதே வொர்க்ஸ்பேஸுக்குள் பில்ட் நிரல் ஒன்று இயந்திரத்தின் 'எஸ்விஎன் இன்ஃபோ'வைக் கூப்பிடும்போது, இரண்டும் பொருந்தாவிட்டால் பில்ட் விழும்.

லினக்ஸில் பதிப்பைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பயனர் அல்லர், வழங்கல்தான். சென்ட்ஓஎஸ் 6 சப்வெர்ஷன் 1.6.11-ஐயும், சென்ட்ஓஎஸ் 7 சப்வெர்ஷன் 1.7.14-ஐயும் கொண்டிருந்தன. உபுண்டு 12.04-இல் 1.6.17; 14.04-இல் 1.8.8. இவற்றில் வெவ்வேறு வடிவத்தில் எழுதும் இரண்டு இயந்திரங்கள் ஒரே ஹோம் கோப்புறையை என்எஃப்எஸ் வழியே பகிர்ந்தால் மோதல் நிச்சயம். விண்டோஸில் இருக்கும் கோப்புறையை மெய்நிகர் லினக்ஸ் இயந்திரத்துக்குப் பகிர்ந்து, இரு பக்கமிருந்தும் கமிட் செய்வதும் இதே கதைதான். பகிர்ந்த கோப்புறையில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 1.7 முதல் கணக்கு எஸ்க்யூலைட்டில் இருப்பதால், பூட்டு சரியாக வேலை செய்யாத வலையமைப்புக் கோப்பு முறைகளில் தரவுத்தளமே பாழாகலாம். இயந்திரத்துக்கு ஒரு செக்அவுட் என்று வைத்துக்கொள்வது வட்டில் கொஞ்சம் இடம் பிடிக்கும். அந்த இடம் மலிவு.

எந்தக் கருவி எந்தப் பதிப்பு என்பதை ஊகிக்க வேண்டாம். 'எஸ்விஎன் வெர்ஷன்' விருப்பத்தோடு 'க்வைட்' சேர்த்தால் எண் மட்டும் வரும். காப்பியின் வடிவத்தைத் தெரிந்துகொள்ள '.எஸ்விஎன்' கோப்புறைக்குள் இருக்கும் 'ஃபார்மட்' கோப்பைத் திறப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். 1.7-க்குப் பிறகு அதில் எப்போதும் 12 என்றே இருக்கும். பழைய கிளையன்ட்கள் குழம்பாமல் தெளிவான பிழை தருவதற்காக வைத்த எண் அது. உண்மையான எண் தரவுத்தளத்தின் 'யூசர் வெர்ஷன்' மதிப்பில் இருக்கிறது. எஸ்க்யூலைட் கருவியில் கேட்டால் 1.7-க்கு 29 என்றும், 1.8 முதல் 1.14 வரைக்கு 31 என்றும் சொல்லும்.

1.6-இலிருந்து மேலே ஏற்றும்போது ஒரு வரிசையைக் கடைப்பிடிப்பது நல்லது. பழைய கிளையன்ட் இன்னும் நிறுவப்பட்டிருக்கும்போதே 'கிளீனப்' செய்துவிட வேண்டும். பாதியில் நின்ற வேலையின் குறிப்பு பழைய காப்பியில் மிச்சமிருந்தால் புதிய கிளையன்ட் அதை ஏற்றாது. பழைய கிளையன்டைக் கொண்டு கிளீனப் செய்துவா என்று திருப்பி அனுப்பும். பழையதை அதற்குள் நீக்கிவிட்டவர்கள் அதைத் தேடி மீண்டும் நிறுவ நேர்கிறது. அடுத்து, கமிட் செய்யக்கூடியதை எல்லாம் கமிட் செய்வது. முடியாத மாற்றங்களை 'டிஃப்' எடுத்து வெளியே வைக்கலாம், ஆனால் படம், பிடிஎஃப் போன்ற பைனரி கோப்புகளின் மாற்றத்தைச் சாதாரண டிஃப் ஏந்திக்கொள்ளாது. ரெப்பாசிட்டரியில் சேர்க்காத கோப்புகளும் அதில் வரா. இவ்விரண்டையும் கையால் நகலெடுக்க வேண்டும். அப்கிரேட் கட்டளையைக் காப்பியின் உச்சியில் கொடுக்க வேண்டும். பெரிய காப்பி என்றால் அப்கிரேட்டுக்குக் காத்திருப்பதைவிடப் புதிதாகச் செக்அவுட் செய்வதே பல நேரம் விரைவு, சுத்தமும்கூட.

பில்ட் நிரல்களையும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கோப்புறையிலும் '.எஸ்விஎன்' இருக்கும் என்று நம்பி எழுதியவை 1.7-இல் பிழை காட்டாமலேயே தவறாக நடக்கும். துணைக் கோப்புறையை மட்டும் வேறிடத்துக்கு நகலெடுத்து, அதையே தனி வொர்க்கிங் காப்பியாகப் பயன்படுத்தும் 1.6 கால வழக்கமும் செல்லாது. ஏற்றிய பின் இறங்க வழி இல்லை; பைத்தான் நிரலின் காலம் 1.6-உடன் முடிந்தது. பழைய கிளையன்டுக்குத் திரும்ப வேண்டுமானால் அதைக்கொண்டு புதிதாகச் செக்அவுட் செய்ய வேண்டியதுதான்.

இதுவரை சொன்னவை பிழைச் செய்தியோடு வருபவை, ஆகவே ஒரு மணி நேரத்தில் தீரக்கூடியவை. செய்தியே இல்லாமல் வருபவைதான் குழுவைப் பாதிக்கும். 2008 ஜூனில் வந்த 1.5 மெர்ஜ் கணக்கைத் தானே வைத்துக்கொள்ளத் தொடங்கியது. எந்த ரிவிஷன்கள் ஏற்கெனவே இணைக்கப்பட்டன என்பது 'மெர்ஜ்இன்ஃபோ' என்ற பண்பில் பதிவாகும். 1.4 கிளையன்ட் கொண்டவர் மெர்ஜ் செய்தால் மாற்றம் வரும், பதிவு வராது. அடுத்து வருபவரின் புதிய கிளையன்ட் அதே ரிவிஷனை மீண்டும் இணைக்கப் பார்க்கும், காரணம் புரியாத முரண்பாடுகள் எழும். 1.8-இல் வந்த 'ஆட்டோ ப்ராப்ஸ்' பண்பும் இப்படித்தான். புதிய கோப்புகளுக்கு வரி முடிவு முதலியவற்றை எப்படி அமைப்பது என்று ரெப்பாசிட்டரியிலேயே எழுதி வைக்கலாம், 1.7 கிளையன்ட் அதைக் கண்டுகொள்ளாமல் கோப்பைச் சேர்த்துவிடும்.

இந்த இடத்தில் கெஞ்சலும் சுற்றறிக்கையும் பயன் தரா. சர்வர்தான் தடுக்க வேண்டும். 1.5 முதல் 'ஸ்டார்ட் கமிட்' ஹூக்குக்குக் கிளையன்டின் திறன்களின் பட்டியல் கொடுக்கப்படுகிறது. அதில் மெர்ஜ்இன்ஃபோ இல்லையென்றால் கமிட்டை மறுக்கச் சில வரி நிரல் போதும். இருபுறமும் 1.8 அல்லது அதற்கு மேல் என்றால், கிளையன்டின் பதிப்பு எண்ணே பரிவர்த்தனைப் பண்பாக ஹூக்குக்கு வருகிறது. மறுக்கும்போது எந்தப் பதிப்பை நிறுவ வேண்டும், எங்கே கிடைக்கும் என்பதையும் அந்தச் செய்தியிலேயே எழுத வேண்டும். அது இல்லாத தடை ஆளை முடக்குவதாகவே முடியும். தடை போடுவதற்கு முன் யார் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க அப்பாச்சியின் அணுகல் பதிவு உதவும். யூசர் ஏஜன்ட்டையும் சேர்த்துப் பதியும் அமைப்பு இருந்தால் கிளையன்டின் பெயரும் பதிப்பும் அங்கே விழும்.

சர்வரே இல்லாமல் 'ஃபைல்' முகவரி வழியே ரெப்பாசிட்டரியைத் திறப்பவர்களுக்கு முதலில் சொன்ன வாக்கு பொருந்தாது. அங்கே கிளையன்டே சர்வர். 1.8-இல் உருவாக்கிய ரெப்பாசிட்டரியை 1.6 திறக்காது. உருவாக்கும்போதே 'கம்பாட்டிபிள் வெர்ஷன்' விருப்பத்தில் குறைந்த பதிப்பைக் குறிப்பிடலாம். உருவாக்கியாயிற்று என்றால் டம்ப் எடுத்து லோட் செய்வது வழி.

கிட்டுக்கு மாறியவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, இல்லாமல் இல்லை. இன்டெக்ஸ் கோப்பின் நான்காம் வடிவத்தை, எக்லிப்ஸுக்குள் இருக்கும் ஜேகிட் நூலகத்தின் பழைய பதிப்புகள் படிக்கா. எக்லிப்ஸும் கட்டளை வரியும் ஒரே கோப்புறையைத் தொட்டால் இது முளைக்கும், 'அப்டேட் இன்டெக்ஸ்' கட்டளையில் இரண்டாம் வடிவத்துக்கு இறக்கினால் தீரும். ரெப்பாசிட்டரி வடிவ எண் 1 ஆகி, தனக்குத் தெரியாத எக்ஸ்டென்ஷன் பெயர் ஒன்று அமைப்புக் கோப்பில் இருந்தால் பழைய கிட் திறக்க மறுக்கும். 2020-இல் 2.29 கொண்டுவந்த எஸ்ஹெச்ஏ-256 ரெப்பாசிட்டரியைத் தேர்ந்தெடுப்பவர்கள், குழுவின் ஐடிஇ, பில்ட் சர்வர், ஹோஸ்டிங் மூன்றும் அதை ஏற்கின்றனவா என்று முதல் கமிட்டுக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.