முதலில் விதைமீன், பிறகுதான் வலை

விதைநெல்லை எடுத்து வைக்காமல் விளைந்ததை எல்லாம் விற்கிற உழவர் நம்மில் யாரும் கிடையாது. எவ்வளவு விற்கலாம் என்ற கணக்கே, எவ்வளவு வைக்கணும் என்பதிலிருந்துதான் தொடங்குது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் சால்மன் பிடிக்க இருக்கும் விதிகளும் இந்தக் கணக்கில்தான் நிற்கின்றன. ஆனால் அவை ஆண்டுதோறும் மாறும். சில இடங்களில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றுகூட மாறும். ஏன் மாறுது, மாறும்போது யார் தலையில் விடியுது என்று பார்ப்போம். உழவுக்கும் இதில் பங்கு உண்டு, பிறகு வருகிறேன்.

முதலில் மீனைத் தெரிஞ்சுக்கணும். நம்ம சந்தையில் 'இந்தியன் சால்மன்' என்று விற்கிற காலா மீன் வேறு இனம். பசிபிக் சால்மன் ஆற்றின் மேல்பகுதியில் கூழாங்கல் படுகையில் பொரிந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்து பிறந்த ஆற்றுக்கே திரும்புது. முட்டையிட்டதும் செத்துப்போகுது. செத்த உடலும் வீணில்லை. கரடி கரையில் இழுத்துப் போட்ட மீனின் தழைச்சத்து ஆற்றோர மரங்களில் ஏறியிருப்பதை ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். கடலிலிருந்து மலைக்கு உரம் சுமக்கிற மீன் என்றே சொல்லலாம்.

1959-இல் மாநிலமான அலாஸ்கா, மீன்வளம் குன்றாமல் விளைச்சல் தரும்படி காக்கப்படணும் என்று தன் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கு. அங்குள்ள பிரிஸ்டல் விரிகுடாவில்தான் உலகிலேயே அதிகமாக சாக்கை வகை சால்மன் பிடிபடுது. இவ்வளவு டன் பிடிக்கலாம் என்று அங்கே முன்கூட்டியே வரம்பு கட்டுவதில்லை. ஆற்றங்கரையில் நம்ம சோளக்காட்டுப் பரண் மாதிரி ஒன்றைக் கட்டி, அதில் ஆள் நின்று மணிக்குப் பத்து நிமிடம், மேலேறும் மீனைக் கண்ணால் எண்ணுகிறார். அதை ஆறால் பெருக்கினால் அந்த மணிக்கான கணக்கு. வலைக்குத் தப்பி முட்டையிடப் போகும் இந்த மீனுக்குத்தான் இலக்கு வைக்கிறார்கள். குவீஜாக் ஆற்றுக்கு 20 லட்சம் முதல் 1 கோடி வரை. மேல்வரம்பு எதுக்கு என்று கேட்கலாம். நாற்றை நெருக்கி நட்டால் தூர் கட்டுமா? முட்டையிடும் படுகையிலும் அதே கதைதான்.

எண்ணிக்கை பின்தங்கினால் வலையைச் சுருட்டணும். முந்தினால் கூடுதல் நேரம் திறந்துவிடுவார்கள். நம்ம கிழக்குக் கடற்கரைத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்று நாள்காட்டி பார்த்து வருது. அங்கே நாள்காட்டியைவிட எண்ணிக்கைக்குத்தான் மதிப்பு. 2022-இல் சுமார் 7 கோடியே 90 லட்சம் மீன் திரும்பியது. அதில் 6 கோடி பிடித்தார்கள். நூறாண்டுக்கு மேலாக வலை வீசப்படும் இடம் இது!

முன்கணிப்பை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் ஃபிரேசர் ஆறு சாட்சி. 2009-இல் 1 கோடிக்கு மேல் சாக்கை வரும் என்றார்கள். வந்தது சுமார் 15 லட்சம். மறு ஆண்டே இரண்டரைக் கோடிக்கும் மேல் வந்து குவிந்தது. வானம் பார்த்த பூமியில் பயிர் வைக்கிறவங்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அதனால்தான் பருவத்தின் நடுவிலும் விதியை மாற்ற அதிகாரம் வைத்திருக்கிறார்கள்.

தூண்டில்காரர்களுக்கு விதி வேறு மாதிரி: ஒருவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை மீன், இந்த நீளத்துக்குக் குறையக் கூடாது என்று. பல ஆறுகளில் இன்னொன்றும் உண்டு. பண்ணையில் பொரித்து விட்ட குஞ்சுக்கு, முதுகில் வாலுக்கு அருகே இருக்கும் சின்னத் துடுப்பை முன்பே நறுக்கிவிடுவார்கள். துடுப்பு இல்லாத மீனை வைத்துக்கொள்ளலாம். துடுப்போடு இருந்தால் அது காட்டு மீன், உயிரோடு விட்டுவிடணும். நாட்டு விதையைத் தனியாகக் காக்கிற வேலை மாதிரிதான்.

இனி கசப்பான பக்கம். யூகான் ஆற்றில் சினூக் சால்மன் சரிந்துபோக, 2024 ஏப்ரலில் அலாஸ்காவும் கனடாவும் ஏழு ஆண்டுகளுக்கு அதைப் பிடிப்பதில்லை என்று ஒப்பந்தம் போட்டன. ஏழு என்பது சினூக்கின் ஒரு முழு வாழ்க்கைச் சுற்று. கனடா எல்லைக்கு 71,000 மீன் போய்ச் சேரணும் என்பது இலக்கு. ஆறும் கடலும் சூடானதற்கு ஆற்றங்கரைப் பழங்குடிகள் காரணமில்லை. ஆனால் குளிர்காலத்துக்கு மீனைக் காயவைத்துச் சேமித்து வந்த அவர்களுடைய பந்தல்தான் காலியாகக் கிடக்குது. விதி நியாயமான கணக்கில் பிறந்தாலும், அதன் சுமை நியாயமாகப் பிரிவதில்லை என்பது என் கருத்து. பங்குக்காகப் போராடி வென்ற வரலாறும் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் 1850-களில் போட்ட உடன்படிக்கையைக் காட்டி வழக்காடிய பழங்குடிகளுக்கு, பிடிக்கத்தக்க மீனில் பாதி உரியது என்று 1974-இல் நீதிபதி போல்ட் தீர்ப்பளித்தார்.

கலிபோர்னியாவில் 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் வணிகச் சால்மன் பிடிப்பு அடியோடு மூடப்பட்டது. வறட்சியில் சாக்ரமெண்டோ ஆறு சூடேறி முட்டைகள் செத்தன. அணைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர் நகரத்துக்கும் வயலுக்கும் போனது. எங்கள் வலையை நிறுத்தினீர்கள், ஆற்றுக்குரிய தண்ணீரை யார் திருப்பித் தருவது என்பதுதான் அங்குள்ள மீனவர்களின் கேள்வி. உழவர்களைப் பார்த்தும் கேட்கிற கேள்விதான் அது.

பதில் ஒன்று நெல்வயலிலேயே முளைத்திருக்கு. சாக்ரமெண்டோ அருகே யோலோ வெள்ளவடிகால் பகுதியில், அறுவடை முடிந்த வயல்களில் குளிர்காலத் தண்ணீரைத் தேக்கி, சால்மன் குஞ்சுகளை விட்டுப் பார்த்தார்கள். தாளும் வைக்கோலும் ஊறி மக்க, நுண்ணுயிர் பெருகியது. அதைத் தின்ன நீர்ப்பூச்சிகள் பெருகின. பூச்சியைத் தின்ற குஞ்சுகள் ஆற்றில் வளர்பவற்றைவிட வெகு வேகமாகக் கொழுத்தன. அடுத்த பருவ உழவுக்கு வயலை வடிக்கும்போது, அந்தத் தண்ணீரோடேயே அவை கடலுக்குக் கிளம்பலாம்.