படத்தைப் பார்த்துவிட்டுத் தெருவில் இறங்குங்கள்: டோக்கியோவில் மரக்கட்டை அச்சுப்படங்களைத் தேடி ஒரு பயணம்

டோக்கியோவில் இறங்கிப் பணம் மாற்றியதும் கையில் வரும் ஆயிரம் யென் நோட்டைத் திருப்பிப் பாருங்கள். 2024 ஜூலையில் வெளியான புதிய நோட்டின் பின்பக்கத்தில் ஓவியர் ஹொகுசாயின் 'பேரலை' படம் இருக்கிறது. ஓங்கி எழுந்த அலைக்குக் கீழே மூன்று படகுகள், தொலைவில் சின்னஞ்சிறிதாக ஃபுஜி மலை. புது மீனை எடோ நகரச் சந்தைக்கு விரைந்து கொண்டுபோகும் வகைப் படகுகள் அவை. டோக்கியோவுக்கு 1868 வரை இருந்த பெயர்தான் எடோ. 1831 வாக்கில் கடைகளுக்கு வந்த இந்தப் படத்தைக் கூலிக்காரர்கூட வாங்க முடிந்தது. ஓர் அச்சுப்படத்தின் விலை ஏறக்குறைய ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸின் விலைதான்.

உகியோ-எ எனப்படும் இந்த மரக்கட்டை அச்சுப்படங்களைப் பார்க்கவென்றே ஜப்பான் போகிறவர்களுக்கும், போன இடத்தில் ஒரு நாளை இதற்கு ஒதுக்க நினைப்பவர்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: அருங்காட்சியகத்தோடு நின்றுவிடாதீர்கள். எடோவுக்கு வந்துபோனவர்கள் ஊர் திரும்பும்போது வாங்கிச் சென்ற நினைவுப்பொருள்களில் இந்தப் படங்களும் உண்டு. எந்தக் கோயிலில் எப்போது பூப்பூக்கும், எந்த நடிகர் எந்த வேடம் கட்டுகிறார், எந்தப் பாலத்தில் நின்றால் மலை தெரியும் என்பதையெல்லாம் அவை சொல்லின. வழிகாட்டிப் புத்தகமாக இருந்தவற்றை நாமும் அப்படியே பயன்படுத்தலாம். முதலில் படம், பிறகு இடம்.

போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியது

ஓர் அச்சுப்படத்தில் நான்கு பேரின் கை உண்டு. முதல் போட்டு விற்பவர் பதிப்பாளர். வரைபவர் ஓவியர். ஓவியத்தைச் செர்ரி மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை மட்டும் நிற்கவிட்டு மற்றதையெல்லாம் குடைந்தெடுப்பவர் செதுக்குபவர். இந்த வேலையிலேயே மூலச்சித்திரம் அழிந்துவிடும். நிறம் பூசி, ஈரக் காகிதத்தை வைத்து, மூங்கில் மடலால் உறையிட்ட 'பாரென்' என்னும் வட்டத் தேய்ப்பானால் அழுத்தி எடுப்பவர் அச்சடிப்பவர். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சு. ஆகவே 'மூலப்படம் எந்த மியூசியத்தில் இருக்கிறது?' என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை. அச்சான பிரதிகள்தான் படைப்பு. அவற்றில் முந்தியது, பிந்தியது, நன்றாக வந்தது, தேய்ந்த கட்டையில் வந்தது என்ற வேறுபாடுகள் உண்டு.

பல நிற அச்சு 1765-இல் சுசுகி ஹருனோபுவின் நாட்காட்டிப் படங்களோடு தொடங்கியது. 1790-களில் பதிப்பாளர் த்சுதாயா ஜூசாபுரோ இரண்டு பெரும் கலைஞர்களை முன்னிறுத்தினார். ஒருவர் பெண்களின் முகத்தை நெருக்கத்தில் வரைந்த உதமாரோ. இன்னொருவர் 1794-95-இல் சுமார் பத்தே மாதங்களில் 140-க்கும் மேற்பட்ட படங்களைத் தந்துவிட்டு மறைந்துபோன ஷராகு. அடுத்த தலைமுறையில் ஹொகுசாயும் (1760–1849) ஹிரோஷிகேயும் (1797–1858) நிலக்காட்சியைக் கைப்பற்றினார்கள். இந்தக் காலம் முழுவதும் அரசின் தணிக்கை உண்டு. 1790-க்குப் பிந்தைய படங்களில் சின்ன வட்ட முத்திரை தெரிந்தால் அது தணிக்கை அனுமதி. முற்கால ஆட்சியாளர் ஹிதெயோஷியை வரைந்ததற்காக 1804-இல் உதமாரோவுக்கு ஐம்பது நாள் கைவிலங்கு போட்டார்கள். 1840-களின் தொடக்கத்தில் நடிகர் படங்களுக்கே தடை வந்தது.

தேதி பார்த்துப் போங்கள்

பயணிகள் பெரும்பாலும் ஏமாறும் இடம் இது. அன்று பயன்படுத்திய செடிச்சாயங்கள் வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். குறிப்பாகக் குசும்பாப்பூச் சிவப்பும் பூநீலமும் தாக்குப்பிடிக்காது. அதனால் எந்த அருங்காட்சியகமும் ஒரு படத்தை ஆண்டு முழுவதும் மாட்டி வைப்பதில்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். மாற்றும் நாட்களில் சிறிய அருங்காட்சியகங்கள் மூடியே கிடக்கும். பேரலையைத்தான் பார்க்க வேண்டுமென்றால், அது எங்கே, எந்தத் தேதியில் காட்சிக்கு வருகிறது என்று வலைத்தளத்தில் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். திங்கட்கிழமை பெரும்பாலும் விடுமுறை. திங்கள் அரசு விடுமுறையாக இருந்தால் செவ்வாயன்று மூடுவார்கள். கண்காட்சிக் கூடத்துக்குள் குறிப்பெடுக்கப் பென்சில் கொண்டுபோங்கள், பேனாவை அனுமதிப்பதில்லை.

மூன்று அருங்காட்சியகங்கள்

உவேனோ பூங்காவிலுள்ள டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் ஹோன்கான் என்ற முதன்மைக் கட்டடத்துக்குப் போங்கள். மாடியில் 10-ஆம் அறை உகியோ-எவுக்கும் எடோ கால உடைகளுக்கும் உரியது. படத்திலிருக்கும் பெண் உடுத்தியது போன்ற கிமோனோவை அதே அறையில் துணியாகவே பார்க்கலாம். முதன்முறை போகிறவர்களுக்கு இதுவே நல்ல தொடக்கம்.

ஹராஜுகுவில் ஓதா நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. காப்பீட்டு நிறுவனம் நடத்திய ஓதா செய்ஸோ சேர்த்த தொகுப்பு இது. அருங்காட்சியகம் 1980 முதல் இந்த இடத்தில் இயங்குகிறது. 14,000-க்கும் மேற்பட்ட படைப்புகள் உண்டு. கட்டடம் சிறியது. உகியோ-எ மட்டுமே. மாதாமாதம் தலைப்பு மாறும். பூனைகள், பேய்கள், மழை என்று ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதைச் சுற்றிப் படங்களைத் தொகுப்பார்கள். புகைப்படம் எடுக்க அனுமதி கிடையாது. இளைஞர் கூட்டம் அலைமோதும் தெருவிலிருந்து சில நிமிட நடைதான்.

ரியோகோகுவில் சுமிதா ஹொகுசாய் அருங்காட்சியகம். ஹொகுசாய் பிறந்த பகுதியிலேயே, கட்டடக் கலைஞர் கஸுயோ செஜிமாவின் வடிவமைப்பில் 2016-இல் திறந்தார்கள். ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: நிரந்தரக் காட்சியில் இருப்பவை உயர்தரப் பிரதிகள். அசல் அச்சுகளைச் சிறப்புக் கண்காட்சியில்தான் பார்க்க முடியும், ஆகவே அதற்கும் சேர்த்தே டிக்கெட் வாங்குங்கள். முதிய ஹொகுசாய் போர்வைக்குள் குனிந்து வரைய, மகள் ஓய் அருகில் உட்கார்ந்து பார்ப்பதுபோல ஓர் ஆளுயரக் காட்சி அங்கே உண்டு. தொண்ணூறுக்கும் மேற்பட்ட முறை வீடு மாறியவர் என்று சொல்லப்படும் அவருடைய குடித்தன நிலை அதில் தெரியும். ஓயும் தேர்ந்த ஓவியர். அவருடைய பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு அங்கே நில்லுங்கள்.

ஒரு படத்தை நெருங்கிப் பார்ப்பது

ஹிரோஷிகேயின் 'எடோவின் நூறு புகழ்பெற்ற இடங்கள்' வரிசையில் 1857-இல் வந்த ஷின்-ஓஹாஷி பாலத்து மழைப்படம் எங்காவது கிடைத்தால் அதற்குக் கால்மணி நேரம் கொடுங்கள். இந்தப் படத்தை 1887-இல் வான்கோ எண்ணெய் வண்ணத்தில் பார்த்து வரைந்தார்.

மேல் விளிம்பில் தொடங்குங்கள். கறுத்த மேகம் கீழே வர வர நிறம் கரைந்து காணாமல் போகிறது. இதைக் கட்டையில் செதுக்க முடியாது. அச்சடிப்பவர் கட்டையை நனைத்து மையைக் கையால் கரைத்து ஒவ்வொரு தாளுக்கும் புதிதாகச் செய்தது. அதனால்தான் இரண்டு பிரதிகளில் மேகம் ஒரே மாதிரி இருப்பதில்லை. அடுத்து மழை. கோடுகள் இரு திசைகளில் சாய்கின்றன. ஒவ்வொரு கோடும் இருபக்கமும் மரத்தைக் குடைந்து எடுத்தபின் மிஞ்சி நின்ற மெல்லிய வரப்பு. பாலத்தில் ஒரே குடைக்குள் ஒண்டியவர்கள், பாயைத் தலைக்குமேல் பிடித்தவர், பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடும் பெண்கள். ஆற்றில் ஒருவர் மட்டும் கட்டுமரத்தை நிதானமாகத் தள்ளிக்கொண்டு போகிறார். அக்கரை வெறும் சாம்பல் நிழல்.

பக்கவாட்டிலிருந்தும் சற்றுக் குனிந்து பாருங்கள். மல்பெரி வகை மரப்பட்டை நாரில் செய்த காகிதத்தில் கட்டை அழுந்திய தடம் மேடுபள்ளமாகத் தெரியும். ஷராகுவின் நடிகர் படங்களில் பின்னணி மின்னுவதும் இப்படிப் பார்த்தால்தான் கண்ணில் படும். அதில் அப்பிரகப்பொடி சேர்த்திருக்கிறார்கள்.

படத்தோடு நடக்க

அசாகுசா: சென்சோஜி கோயிலின் காமினாரிமோன் வாயிலில் தொங்கும் பெரிய சிவப்பு விளக்கை ஹிரோஷிகே பனிப்பொழிவில் வரைந்தார். விளக்கு சட்டத்தை மீறி நிற்க, அதன் கீழாகக் கோயில் தெரியும். இன்றைய வாயில் 1960-இல் கட்டியது. பழையது 1865 தீயில் போய்விட்டது. ஆனாலும் விளக்குக்கு நேர்கீழே வந்து நின்றால் அந்தச் சட்டகம் அப்படியே அமையும். கூட்டமில்லாமல் பார்க்கக் காலை ஏழு மணிக்குள் போங்கள். அங்கிருந்து மேற்கே, இனாரிச்சோ நிலையத்துக்கு அருகே செய்க்கியோஜி கோயிலில் ஹொகுசாயின் கல்லறை இருக்கிறது.

கமேய்தோ: கமேய்தோ தென்ஜின் கோயிலில் வளைந்த மேளப்பாலமும் ஊதா நிற விஸ்டீரியா கொடிப்பந்தலும் ஹிரோஷிகே காட்டியது போலவே இன்றும் உண்டு. ஏப்ரல் கடைசி வாரம் சரியான நேரம். பாலத்துக்கு எதிர்க்கரையில், பந்தலுக்குக் கீழே நின்றால் பூங்கொத்துகளுக்கு இடையே பாலம் தெரியும்.

ஷின்-ஓஹாஷி: மொரிஷிதா நிலையத்திலிருந்து சில நிமிட நடை. மழைப்படத்துப் பாலம் இப்போது இல்லை. அதே பெயரில் 1977-இல் கட்டிய மஞ்சள் தூண் பாலம் நிற்கிறது. சுமிதா ஆற்றின் அகலத்தையும் அக்கரையின் தூரத்தையும் கண்ணால் அளந்தபின் படத்தை மறுபடி பாருங்கள். ஹிரோஷிகே எதைச் சேர்த்தார், எதை விட்டார் என்பது புரியும்.

நிஹோன்பாஷி: எடோவிலிருந்து கியோட்டோ போகும் தொக்காய்தோ நெடுஞ்சாலையின் முதல் அடி இந்தப் பாலம். அந்தச் சாலையின் 53 நிறுத்தங்களைக் காட்டிய ஹிரோஷிகேயின் வரிசை இங்கேதான் தொடங்குகிறது. விடியற்காலை, பாலத்தின் மேல் வரும் சிற்றரசரின் பரிவாரம், ஒதுங்கி நிற்கும் மீன்காரர்கள், ஓரத்தில் இரண்டு நாய்கள். இன்றிருப்பது 1911-இல் எழுந்த கல்பாலம். அதன் தலைக்கு மேல் 1963-இல் விரைவுச்சாலை வந்தது. அதைத் தரைக்கடியில் கொண்டுபோகும் வேலை நடந்துவருகிறது.

கின்ஸா: கபுகி நாடகம் நடக்கும் கபுகி-ஸா அரங்கில் ஓர் அங்கம் மட்டும் பார்க்கும் டிக்கெட் கிடைக்கும். நடிகர் கண்ணை உருட்டி ஒரு நொடி உறைந்து நிற்கும்போது ஷராகு எதைப் பிடித்தார் என்று தெரிந்துவிடும்.

மினோவா: உதமாரோவின் அழகிகளில் பலர் யோஷிவாராவில் வாழ்ந்தவர்கள். வறுமையால் பெற்றோர் விற்ற சிறுமிகளை வைத்துப் பாலியல் தொழில் நடந்த, அகழி சூழ்ந்த அடைப்பு அது. பட்டும் கொண்டையூசியும் அச்சில் மின்ன, அவர்களில் பலர் இளம் வயதிலேயே இறந்தார்கள். மினோவா நிலையத்துக்கு அருகே ஜோகான்ஜி கோயிலின் பின்புறம் அவர்களுக்கான நினைவுத்தூண் இருக்கிறது. 25,000 பேர் வரை அங்கே புதைக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். உதமாரோவை ரசிக்கிற எவரும் இங்கேயும் ஒருமுறை போகவேண்டும் என்பேன். அமைதியாகப் போய், படம் எடுக்காமல் வணங்கிவிட்டு வாருங்கள்.

அச்சிடுவதைப் பார்க்க, வாங்க

1928-இல் தொடங்கிய அதாச்சி நிறுவனம் இன்றும் பழைய முறையில் கட்டை செதுக்கி அச்சிடுகிறது. மெஜிரோ பகுதியில் அதன் காட்சிக்கூடம் உண்டு. அவ்வப்போது செயல்விளக்கமும் நடக்கும். அசாகுசாவில் பயணிகளையே அச்சடிக்க வைக்கும் பட்டறைகள் இருக்கின்றன. முன்பதிவு செய்துகொள்ளுங்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது மிகவும் பிடிக்கும்.

பழைய அச்சுகளுக்கு ஜிம்போச்சோவின் பழைய புத்தகக் கடைத்தெரு. 1882-இல் தொடங்கிய ஓயா ஷோபோ அங்கே பெயர்பெற்ற கடை. கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது: இது எடோ கால அச்சா, பிற்காலத்தில் புதுக்கட்டை செதுக்கி அடித்ததா, எந்திர அச்சா? உண்மையான கையச்சு என்றால் தாளின் பின்பக்கம் நிறம் ஊறியிருக்கும், பாரென் தேய்த்த சுழித்தடம் தெரியும். பூதக்கண்ணாடியில் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் எந்திர அச்சு. குனிசதா போன்ற ஓவியர்களின் நடிகர் படங்கள் ஏராளமாக அச்சானவை. கொஞ்சம் மடிப்பும் பூச்சித்துளையும் உள்ள பிரதிகள் இன்றும் சாதாரணப் பயணி வாங்கும் விலையில் கிடைக்கும். புதிதாகச் செதுக்கிய நல்ல பேரலைக்கு எப்படியும் பத்தாயிரம் யென்னுக்கு மேல் ஆகும். கின்ஸாவின் வதனபே கடையில் இருபதாம் நூற்றாண்டின் 'ஷின்-ஹங்கா' இயக்கத்துப் படங்களைக் கேளுங்கள். அந்த இயக்கத்தின் முக்கிய ஓவியரான யோஷிதா ஹிரோஷி 1930-களின் தொடக்கத்தில் இந்தியப் பயணக் காட்சிகளை அச்சாக்கினார். தாஜ்மகாலோடு மதுரைக் கோயிலும் அவற்றில் உண்டு.

இன்னும் நாட்கள் இருந்தால்

ஷிஸுவோகா மாவட்டத்தின் யூய் ஊரில் இறங்கினால் தொக்காய்தோ ஹிரோஷிகே அருங்காட்சியகம். அங்கிருந்து சத்தா கணவாய்க்கு ஏறினால், வலப்பக்கம் கடலும் எதிரே ஃபுஜியுமாக ஹிரோஷிகே காட்டிய கோணம் இன்றும் கிடைக்கும். வானம் தெளிந்த குளிர்கால முற்பகல் நல்லது. நாகானோ பக்கம் போனால் எண்பது வயதுக்குமேல் ஹொகுசாய் நடந்துபோய் வேலை செய்த ஓபுசே ஊரும், மத்சுமோதோவில் சகாய் குடும்பம் தலைமுறைகளாகச் சேர்த்த உகியோ-எ அருங்காட்சியகமும் இருக்கின்றன.

ஒரே நாள்தான் இருக்கிறதா?

காலை ஏழு மணிக்கு அசாகுசா விளக்கு. ஒன்பதரைக்கு உவேனோவில் 10-ஆம் அறை. மதியம் ஒரு கிண்ணம் சோபா. பிறகு ரியோகோகுவில் ஹொகுசாய். மாலையில் அங்கிருந்து தெற்கே நடந்து ஷின்-ஓஹாஷி. ஆற்றங்கரை நடைபாதை உண்டு, இருபது நிமிடம் போதும். எதையாவது வாங்கினால் கெட்டியான அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கைப்பையில் கொண்டுவாருங்கள். வீட்டில் வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள், கண்ணாடிச் சட்டத்திலேயே நிரந்தரமாக அடைக்கவும் வேண்டாம். அமிலமற்ற உறையில் வைத்து, தோன்றும்போதெல்லாம் வெளியே எடுத்துக் கையில் பிடித்துப் பாருங்கள். எடோவில் வாங்கியவர்கள் பார்த்தது அப்படித்தான். காகிதத்தின் மேடுபள்ளமும் நிறத்தின் ஆழமும் அந்தத் தூரத்தில்தான் கண்ணுக்குப் பிடிபடும்.