நீச்சல் குளத்து மின்சாரம்

நம் பள்ளியில் பயின்று இப்போது அமெரிக்காவில் வாழும் என் பழைய மாணவி ஒருத்தி, தான் வாங்க எண்ணியிருக்கும் பழைய வீட்டைப் பற்றி எழுதியிருந்தாள். பின்புறம் நீச்சல் குளமும் அதையொட்டி வெந்நீர்த் தொட்டியும் உள்ளனவாம். "பிள்ளைகள் இருவருக்கும் ஒரே குதூகலம், டீச்சர். எனக்குத்தான் தண்ணீருக்குள் எரியும் விளக்கைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. பணம் கொடுக்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?" அவளுக்கு எழுதிய பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

மாணவிகளே, ஓம் விதியை நினைவுகூருங்கள். உலர்ந்த தோலின் மின்தடை பல ஆயிரம் ஓம். நனைந்த உடலில் அது ஏறத்தாழ 1000 ஓமாகக் குறைந்துவிடலாம். அமெரிக்க வீடுகளில் சாதாரண மின்னழுத்தம் 120 வோல்ட். வகுத்துப் பார்த்தால் 120 மில்லி ஆம்பியர். இதயத்தின் துடிப்பைச் சீர்குலைக்க அதுவே போதும். ஃபியூஸ் காப்பாற்றாதா என்பீர்கள். 15 ஆம்பியர் ஃபியூஸுக்கு இது ஒரு பொருட்டே அன்று. அது வயரைக் காக்கும், நம்மைக் காக்காது.

நம்மைக் காக்கும் கருவியை 1961இல் கலிபோர்னியாப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் உருவாக்கினார். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிடுகிறது. சுமார் 5 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், எங்கோ கசிகிறது என்று கண்டு நொடியில் ஒரு சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். பழைய வீட்டில் இது இல்லாமலிருக்கலாம்; இருந்தும் பழுதாகியிருக்கலாம். அதிலுள்ள 'டெஸ்ட்' பொத்தானை அழுத்தினால் மின்சாரம் உடனே நிற்க வேண்டும்.

அடுத்ததைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். மின்கம்பியில் அமரும் காக்கைக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? அதன் இரு கால்களுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இல்லை. குளத்திலும் அவ்வாறே, ஏணி, கைப்பிடி, பம்பின் உலோக உறை, காங்கிரீட்டுக்குள் உள்ள இரும்புக் கம்பி எல்லாவற்றையும் தடித்த செம்புக் கம்பியால் ஒன்றாகப் பிணைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீரில் நின்று ஏணியைப் பிடிப்பவரின் உடல் வழியே மின்சாரம் பாயக்கூடும். 'எர்த் செய்தாயிற்றே' என்பது இதற்கு விடையாகாது. அது வேறு, இது வேறு. கம்பியின் பெரும்பகுதி மண்ணுக்குள் புதைந்திருக்கும். ஆனால் பம்பருகே அதன் முனை தெரியும். மற்றதை மின் பணியாளர் அளந்துதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. நீரில் ஒருவர் மின்சாரத்தில் சிக்கினால் உடனே குதித்துவிடக் கூடாது, குதிப்பவரும் சிக்குவார். முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அதற்கான ஸ்விட்ச் குளத்திலிருந்தும் தொட்டியிலிருந்தும் சற்றுத் தள்ளி, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன்.

(நம் வீடுகளில் குளமில்லை என்று எண்ண வேண்டாம். குளியலறை வாட்டர் ஹீட்டரும் கிணற்று மோட்டாரும் இருக்கின்றன. நம் மின்னழுத்தமோ 230 வோல்ட்! இங்கு வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கருவி கிடைக்கிறது.)

மூன்று வாரங்களில் பதில் வந்தது. பொத்தானை அழுத்தியும் மின்சாரம் நிற்கவில்லையாம். பம்பை மாற்றியவர்கள் செம்புக் கம்பியைத் திரும்பப் பூட்டாமலே விட்டிருக்கிறார்கள். விற்பவர் தம் செலவில் இரண்டையும் சரிசெய்து, மின் பணியாளர் அளந்து பார்த்த பிறகே கையெழுத்திட்டிருக்கிறாள். அதுவரை பிள்ளைகள் கரையில் உட்கார்ந்து அவளோடு சண்டை போட்டார்களாம்.