சாலையோர மரமும் மலைக்காடும்

ஜவ்வாது மலையில் கடுக்காயும் நெல்லியும் தேனும் வெறும் காட்டுப் பொருள்கள் அல்ல. சாமை விளைச்சல் குன்றிய ஆண்டில் மலைவாழ் குடும்பங்களுக்குக் கைகொடுப்பவை அவையே. ஆதலின் காட்டில் எம்மரம் நிற்கிறது, எது மறைகிறது என்பது ஊராட்சி கவனிக்க வேண்டிய காரியமாகும்.

பூவழகுக்காக வந்து காட்டைக் கவர்ந்துகொண்ட செடியை நாம் முன்பே அறிவோம். அமெரிக்க வெப்பநாடுகளுக்குரிய உண்ணிச்செடி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டப்பூவாக இந்தியாவுக்கு வந்தது. பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்பின. இன்று அது மலைச்சரிவுகளில் புதராய் மண்டி, புல்லையும் இளங்கன்றுகளையும் தலையெடுக்க விடுவதில்லை.

அதே வழியில் வந்ததே மஞ்சள் கொன்றை. தாவர நூலார் இதனைச் 'சென்னா ஸ்பெக்டபிலிஸ்' என்பர். அழகுக்கும் நிழலுக்குமாக நட்ட இம்மரம், முதுமலையிலும் வயநாட்டிலும் காட்டினுள் பரவிவிட்டது. இதன் அடர்ந்த நிழலில் புல் வளர்வது அரிது. வெட்டினாலோ அடிக்கட்டை பலவாகத் துளிர்க்கிறது. இத்தகைய அந்நியத் தாவரங்களை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022-ஆம் ஆண்டில் தனிக்கொள்கையே வகுக்க நேர்ந்தது.

அடையாளம் காணும் முறை

மஞ்சட்பூவைக் கண்டதும் நம் சரக்கொன்றை என்று மயங்கலாகாது. சரக்கொன்றையின் பூக்கள் சரமாகக் கீழ்நோக்கித் தொங்கும். சிற்றிலைகள் பெரியவை, சில இணைகளே. மஞ்சள் கொன்றையின் பூங்கொத்து கிளைநுனியில் நிமிர்ந்து நிற்கும். சிற்றிலைகள் சிறியவை, பல இணைகள்.

ஊராட்சி செய்யத்தக்கவை

முதலாவது, சாலையோரத்திலும் பள்ளி வளாகத்திலும் நடுவதற்குக் கன்று வாங்குமுன் அதன் பெயரைக் கேட்டறிந்து தீர்மானம் செய்க. சரக்கொன்றை, புங்கன், நாவல், வேங்கை, இலுப்பை, கடுக்காய் ஆகியவை நம் மண்ணுக்கு உகந்தவை.

இரண்டாவது, மஞ்சள் கொன்றை தென்பட்டால், மழைக்குப்பின் மண் ஈரமாயிருக்கையில் இளங்கன்றுகளை வேரோடு பிடுங்குக. பெரிய மரத்தை வெட்டிவிட்டு வாளாவிருத்தல் பயனற்றது; மார்பளவு உயரத்திலிருந்து வேர்க்கழுத்து வரை பட்டையை முற்றும் உரித்தால் நின்றபடியே காயும். துளிர்களை அவ்வப்போது கிள்ளுதல் வேண்டும். காட்டு எல்லைக்குள் வனத்துறையாரைக் கேளாமல் எதையும் செய்யலாகாது.

மூன்றாவது, வெறுமையான இடத்தில் உடனே நாட்டு மரக்கன்றுகளை நட்டு, ஆடுமாடு அணுகாமல் காத்தல் அவசியம். இல்லையேல் களையே மீண்டும் முளைக்கும்.

ஒரு கன்றைப் பிடுங்க ஒருவர் கை போதும். அது காடாகிவிட்டால் ஊரே திரண்டாலும் போதாது. அடுத்த கிராம சபையிலேயே இதனை விவாதித்து முடிவு செய்வோமாக.